வெட்டிய காலில் வலி: வெப்பப் படம் காட்டுவதும் காட்டாததும்

காலை எடுத்த பிறகும் இல்லாத பாதம் எரிகிறது, விரல் முறுக்குகிறது என்று பலர் சொல்வார்கள். வெப்பக் கேமரா அந்த வலியை அளக்காது. தோலிலிருந்து வரும் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் அகச்சிவப்புக் கதிரை வாங்கி, தோலின் சூட்டைத்தான் சொல்லும். அடியில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று அதிலிருந்து ஊகிக்கிறோம். எரிச்சலாக வரும் மாய வலி (இல்லாத உறுப்பில் உணரும் வலி) கூடும்போது வெட்டு முனையில் (மிஞ்சிய காலின் நுனியில்) ரத்த ஓட்டம் குறைந்து தோல் குளிர்வதை வலி ஆய்வாளர் ரிச்சர்ட் ஷெர்மனின் ஆய்வுகள் 1980களிலேயே காட்டின. சுளீரென்று மின்சாரம் பாய்ந்தாற்போல் வரும் வலிக்கு அந்தத் தொடர்பு தெரியவில்லை. ஆகவே படத்தில் வித்தியாசம் இல்லை என்பதால் வலி இல்லை என்று எழுதுவது தவறு. அது நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.

பாம்பன், கீழக்கரை, தொண்டி போன்ற கடலோர ஊர்களில் படத்தைக் கெடுப்பது வெக்கையும் வியர்வையும்தான். கால் தோலின் சூடு ஏறக்குறைய 30 முதல் 33 டிகிரி. கோடையில் அறையும் அதே சூட்டில் இருந்தால் ரத்தக் குழாய்கள் எல்லாம் விரிந்து, குளிர்ந்த இடமும் மறைந்துவிடும். ஈரத் தோலில் ஃபேன் காற்று பட்டால் நல்ல தோலும் குளிர்ந்ததாகத் தெரியும். ஏசி வைத்து 22 முதல் 24 டிகிரியில் நிறுத்துங்கள். காற்று நேராகக் காலில் படக்கூடாது, ஃபேன் வேண்டாம், ஜன்னல் வெயிலை மறையுங்கள்.

செயற்கைக் காலையும் அதற்குள் போடும் மெத்தென்ற உறையான லைனரையும் கழற்றியதும் எடுத்தால் முனை முழுக்கச் சிவந்து சூடாக இருக்கும். அழுத்திய சூடு அது. துணியால் ஒற்றியெடுத்து (தேய்த்தால் சூடேறும்) இரண்டு கால்களையும் ஒரே நிலையில் வைத்து 15 முதல் 20 நிமிடம் காத்திருங்கள். அன்று தைலம், தேங்காயெண்ணெய் தடவியிருக்கக் கூடாது. பீடியும் சூடான டீயும் அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் வேண்டாம். நிகோடின் குழாய்களைச் சுருக்கும்.

கேமராவை முன்கூட்டியே போட்டு நிலைப்படுத்துங்கள். எமிசிவிட்டி (தோல் வெப்பக் கதிரை வெளிவிடும் திறனைக் குறிக்கும் எண்) 0.98, தூரம் ஒரு மீட்டர், லென்ஸ் தோலுக்கு நேராக. வண்ண அளவைத் தானாக மாற விடாமல் 24 முதல் 36 டிகிரி என்று பூட்டிவிடுங்கள், இல்லையேல் ஒவ்வொரு படத்திலும் ஒரே சூடு வேறு நிறத்தில் வரும். சாதாரணக் கேமராவில் 2 டிகிரி வரை பிழை வரலாம் என்பதால் எண்ணை நம்பாமல் மறுகாலின் அதே மட்டத்தோடு வித்தியாசத்தைப் பாருங்கள். சர்க்கரை நோயாளிக்கு மறுகாலிலும் ரத்த ஓட்டம் கெட்டிருக்கலாம். அங்கே இந்த ஒப்பீடு ஏமாற்றும், அவரது பழைய படங்களோடுதான் ஒப்பிட வேண்டும்.

ஒரு புள்ளி மட்டும் தனியாகச் சூடாக இருந்தால் சாக்கெட் (செயற்கைக் காலில் வெட்டு முனை நுழையும் கிண்ணம்) உரசலையோ சீழ்ப்பிடிப்பையோ முதலில் தேடுங்கள். படம் எடுக்கும்போதே வலியின் தன்மையையும் 0 முதல் 10 வரையிலான மதிப்பெண்ணையும் அவர் வாயாலேயே கேட்டுப் படத்தின் மேல் குறித்துவையுங்கள்.