கடைக்கால் செலவு: மண்ணைப் பார்த்துப் போடும் கணக்கு

கடலூர் கேப்பர் மலையில் சரளைச் செம்மண் மனை ஒன்று, தேவனாம்பட்டினத்தில் கடலோர மணல் மனை ஒன்று, சிதம்பரம் பக்கம் வயலைத் திருத்திய வண்டல் களி மனை ஒன்று. மூன்றிலும் 1,000 சதுர அடியில் தரைத்தளமும் மாடியும் கட்டப் போகிறோம். "அஞ்சடி வானம், நாலுக்கு நாலு ஃபூட்டிங்" என்று மேஸ்திரி மூன்றுக்கும் ஒரே பதில் சொல்லக்கூடும். அதாவது அஞ்சடி ஆழக் குழி, அதன் அடியில் ஒவ்வொரு தூணுக்கும் நாலடிச் சதுரக் கான்கிரீட் பாதம். அது முதல் மனைக்கு மட்டும் ஏறக்குறையப் பொருந்தும்.

வீட்டுக்கு 12 காலம் (தூண்), காலத்துக்குச் சராசரி 30 டன் சுமை, ஃபூட்டிங்கின் எடையும் சேர்ந்து 33 டன் என்று வைப்போம். இதை மண்ணின் தாங்குதிறனால் வகுத்தால் ஃபூட்டிங்கின் பரப்பு கிடைக்கும். சரளைச் செம்மண் சதுர மீட்டருக்கு 20 டன் தாங்கினால் 1.3 மீட்டர் சதுரம் போதும். 12 ஃபூட்டிங்குக்கும் 7 கன மீட்டர் கான்கிரீட். 10 டன்தான் என்றால் 1.8 மீட்டருக்குச் சற்றுக் கூட வேண்டும். கான்கிரீட் 18 கன மீட்டர். 5 டன்னுக்கு இறங்கினால் பக்கம் 2.6 மீட்டர். அகலம் கூடினால் விளிம்பு வளையாமல் இருக்கக் கனமும் கூட வேண்டுமே, அதனால் 45 கன மீட்டர் வரை போகும். வீட்டின் பரப்பே 93 சதுர மீட்டர். அதில் ஃபூட்டிங்குகள் மட்டும் 80ஐப் பிடித்துவிடும்.

அதற்குப் பதில் வீடு முழுக்க 30 செ.மீ. கனத்தில் ராஃப்ட், அதாவது ஒரே கான்கிரீட் பலகை, போட்டால் 30 கன மீட்டரில் முடியும். ராஃப்டில் கம்பி நெருக்கம். கன மீட்டருக்கு ஃபூட்டிங்கில் 80 கிலோ, ராஃப்டில் 100 கிலோ என்று போட்டாலும் 3.6 டன்னுக்கு எதிராக 3 டன்தான். ஃபூட்டிங்குகளின் மொத்தப் பரப்பு வீட்டுப் பரப்பில் பாதியைத் தாண்டினால் ராஃப்டுக்கும் ஒரு எஸ்டிமேட் கேட்டு வாங்குங்கள். கேப்பர் மலையில் மாடியே வேண்டாம் என்பவருக்குக் காலம்கூடத் தேவையில்லை. கருங்கல் கட்டுதான் சிக்கனம்.

தாங்குதிறன் எப்படித் தெரியும்? துளை போட்டு, அதில் இறக்கிய குழாயின் மேல் 63.5 கிலோ சுத்தியை 75 செ.மீ. உயரத்திலிருந்து விடுவார்கள். முதல் 15 செ.மீ. இறங்கும் அடிகளைக் கணக்கில் சேர்க்காமல், அடுத்த 30 செ.மீ.க்கான அடிகளை எண்ணுவார்கள். அந்த எண்ணும் நீர்மட்டமும் இல்லாத மண் பரிசோதனை அறிக்கையை நம்ப வேண்டாம்.

கடலோர மணலில் நீர்மட்டம்தான் ஆளை ஏமாற்றும். மணல் தாங்குவது துகள்கள் ஒன்றையொன்று அழுத்துவதால். நீரில் மூழ்கினால் மிதப்பு விசை அந்த அழுத்தத்தைக் குறைக்கும். தாங்குதிறன் பாதி வரை சரியலாம். கோடையில் உலர்ந்த குழியைப் பார்த்து முடிவெடுத்தால், ஐப்பசி கார்த்திகை மழையில் கணக்கு தப்பும். புதுச்சேரி வீராம்பட்டினம் போன்ற கடலோர இடத்தில் குழி ஊறுகிறதே என்று மோட்டார் வைத்து ஓயாமல் இறைத்தால், தண்ணீரோடு மணலும் வரும், பக்கத்து வீட்டுச் சுவர் விரியும். உப்புக் காற்றும் உப்பு நீரும் படும் இடத்தில் எம்20 தரக் கான்கிரீட் போதாது. குறைந்தது எம்30, ஃபூட்டிங்கில் கம்பிக்குக் குறைந்தது 50 மி.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்). இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

வண்டல் களியில் சிக்கல் வேறு: நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். இதற்கு ஒரு மலிவான சோதனை உண்டு. உலர்த்தி நைசாகச் சலித்த மண்ணைப் பத்துப் பத்து கிராமாக இரண்டு அளவு ஜாடியில் போட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் 100 மி.லி. வரை ஊற்றி, காற்றுக் குமிழ் போகக் கலக்கி, 24 மணி நேரம் விடவேண்டும். மண்ணெண்ணெயில் களி உப்பாது. அதைவிடத் தண்ணீரில் மண்ணின் அளவு 50 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தால், ஆழமில்லாத ஃபூட்டிங்கை மறந்துவிடலாம்.

அங்கே அண்டர் ரீம்டு பைல், அதாவது துளையில் வார்க்கும் கான்கிரீட் தூண்: 30 செ.மீ. விட்டம், 3.5 மீட்டர் ஆழம், அடியில் தண்டைப்போல் இரண்டரை மடங்கு அகலக் குமிழ். பருவத்துக்குப் பருவம் அசையும் மேல்மண்ணைத் தாண்டிப் போய் இது ஊன்றிக்கொள்ளும். ஒரு பைல் சுமார் 16 டன் தாங்கும் என்றால் காலத்துக்கு இரண்டு, மொத்தம் 24. இவற்றுக்குக் கான்கிரீட் 8 கன மீட்டர்தான். ஆனால் துளைக்கும் கூலி, பைல் கேப் (பைல்களின் தலையைச் சேர்க்கும் கட்டை), கிரேடு பீம் (சுவரைத் தாங்கும் உத்திரம்) தனி. நீர் ஊறும் மணலில் குமிழ் சரிந்துவிடும், அங்கே இது வேண்டாம்.

கிரேடு பீமுக்கு அடியில் குறைந்தது 80 மி.மீ. இடைவெளி விடச் சொல்கிறது இந்தியத் தரநிலை. ஷட்டரிங் போடச் சோம்பி மண்மேலேயே பீமை வார்த்துவிட்டால், அடுத்த மழையில் களி உப்பிப் பீமை நெம்பும். ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும்.