ஆபரேஷன் தேதி வந்தாச்சு, அதுவரைக்கும் கஞ்சி குடிக்கலாமா?

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை பக்கத்திலிருந்து என்னிடம் வருபவர்களில் இரைப்பையைச் சிறிதாக்கும் எடைக் குறைப்பு ஆபரேஷனுக்கு முடிவெடுத்தவர்கள் அநேகமாகத் திருவனந்தபுரத்துக்குத்தான் போகிறார்கள். மதுரைக்கு ராத்திரி வண்டி பிடிப்பதைவிட எல்லை தாண்டிப் போய்விட்டுச் சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம் என்பது கணக்கு. சர்ஜன் அங்கே. இடைப்பட்ட வாரங்களில் எடை பார்க்க, என்ன சாப்பிடலாம் என்று கேட்க, பயத்தைச் சொல்ல, இங்கே உள்ளூரில் உணவு ஆலோசகராக இருக்கும் என்னிடம் வருகிறார்கள். அந்த இடைப்பட்ட வாரங்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

தேதி கைக்கு வந்ததும் பலருக்குப் பெரிய வேலை முடிந்த நிம்மதி வந்துவிடுகிறது. இனி எல்லாம் டாக்டர் பாடு என்று நினைக்கிறார்கள். ஆனால் சிகிச்சை அந்தத் தேதிக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அதில் பாதிக்கு மேல் நம் அடுக்களையிலும் மாத்திரை டப்பாவிலும் நடக்கிறது.

முதலில் ஈரல். இரைப்பையின் மேல் ஈரலின் இடதுபக்கம் கவிழ்ந்து கிடக்கிறது. சர்ஜன் வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, கேமரா வழியாகப் பார்த்து வேலை செய்பவர். ஈரலைத் தூக்கிப் பிடித்தால்தான் அவருக்கு இரைப்பை தெரியும். அதிக எடை உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஈரலில் கொழுப்பு ஏறி, அது பெரிதாகக் கனத்துப் போயிருக்கும். தூக்கினால் கிழியும், ரத்தம் கசியும். சில நேரம் துளை வழியாக முடியாமல் வயிற்றைத் திறக்க வேண்டி வரும். இதைத் தவிர்க்கத்தான் ஆபரேஷனுக்கு முன் சுமார் 2 வாரம், ஒரு நாளைக்கு 800 முதல் 1000 கலோரிக்குள், மாவுச்சத்து மிகக் குறைவாக, புரதம் போதுமான அளவுக்கு இருக்கும் உணவைக் கொடுக்கிறார்கள். ஈரலில் சேர்ந்திருக்கும் சர்க்கரைச் சேமிப்பும் அதோடு ஒட்டிய நீரும் முதலில் இறங்கும், அப்புறம் கொழுப்பும் குறையும். இரண்டே வாரத்தில் ஈரல் சுருங்குவது ஸ்கேனிலேயே தெரியும்.

இங்கேதான் கஞ்சி வருகிறது. ‘நீர் ஆகாரம்’ என்று டாக்டர் சொன்னதும் நம்மூர் ஆட்களுக்கு மனசில் வருவது சம்பா அரிசிக் கஞ்சிதான். ஒரு அக்கா ஒழுங்காக நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார். காலை கஞ்சி, பதினொரு மணிக்கு இளநீர், மதியம் பயறுபோட்ட கஞ்சி, சாயங்காலம் சாயா, ராத்திரி கஞ்சி. “மேடம், ஒரு வாரமா கஞ்சிதான குடிக்கேன், எடை இறங்கவே இல்லயே?” என்று கேட்டார். அவர் பொய் சொல்லவில்லை, பட்டினிகூடக் கிடந்திருக்கிறார். ஆனால் 50 கிராம் அரிசியில் கிட்டத்தட்ட 40 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, புரதம் 4 கிராம்கூடக் கிடையாது. தண்ணீர் ஊற்றினாலும் அரிசி அரிசிதான். அவர் ஈரலுக்கு எதைக் குறைக்கச் சொன்னார்களோ அதையேதான் மூன்று வேளையும் ஊற்றிக்கொண்டிருந்தார்.

நான் எழுதிக் கொடுப்பது நம் சந்தையில் கிடைப்பதை வைத்துத்தான். சாளை, அயிலை, நெத்திலி மீன் எல்லாம் தாராளமாகச் சேர்க்கலாம். 100 கிராம் சாளையில் சுமார் 20 கிராம் புரதம் இருக்கிறது, விலையும் கட்டுப்படியாகும். தேங்காய் அரைத்து ஊற்றாமல் குடம்புளியும் மிளகாயும் போட்டு வற்ற வைக்க வேண்டும். வெண்ணெய் எடுத்த மோர், முட்டை, முருங்கைக் கீரை, வெள்ளரிக்காய், கோவைக்காய், புரதப் பவுடர் கலந்த பால். மீன் சாப்பிடாதவர்களுக்குப் பன்னீர், சோயா, தயிர். முழுக்கத் திரவமாகத்தான் இருக்க வேண்டும் என்று சில ஆஸ்பத்திரிகளில் சொல்வார்கள், அப்படியென்றால் அவர்கள் பட்டியல்தான் சட்டம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் புரத அளவே மாறும் என்பதால் என் பட்டியலையோ பக்கத்து வீட்டுக்காரர் பட்டியலையோ அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதைவிடப் பெரிய தொல்லை வழியனுப்பு விருந்துகள். தேதி வைத்த செய்தி சொந்தத்தில் பரவியதும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அழைப்பு வருகிறது. நாத்தனார் வீட்டில் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும். மாமியார் வீட்டில் புட்டும் பயறும் பப்படமும். நடுவில் ஒரு கல்யாணம் வந்தால் போளியும் பால் பாயசமும் வேறு. “மக்களே, இனி உனக்குத் திங்க முடியாதுல்லா, இப்பம் தின்னுக்கோ” என்று பாசத்தோடு தட்டில் அள்ளிப் போடுகிறார்கள். தேதி கிடைத்த மாதத்தில் எடை கூடி வருபவர்கள் அதிகம்.

பாசத்தைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கையே தப்பு. ஆபரேஷனுக்குப் பிறகு முதல் இரண்டு வாரம் திரவம், அடுத்து மசித்தது, அப்புறம் குழைவானது, ஒன்றிரண்டு மாதத்தில் சாதாரண உணவு என்று படிப்படியாகத்தான் திரும்பி வருவார்கள். சாப்பிடும் அளவு சிறுத்துவிடும், அவ்வளவுதான். ஆறு மாதம் கழித்து மீன்குழம்போடு இரண்டு துண்டு மரச்சீனி தின்றுவிட்டுத் திருப்தியாக எழுந்துபோகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். திருவிதாங்கூர் காலத்தில் பஞ்சத்துக்குக் கைகொடுத்த கிழங்கு அது. நம்மை விட்டு எங்கேயும் போய்விடாது.

காத்திருக்கும் நாட்களில் சாப்பாட்டைக் குறைப்பதோடு சாப்பிடும் விதத்தையும் மாற்றிப் பழகுவது நல்லது. ஒரு வாய் உணவை இருபது முப்பது தடவை மெல்லுவது, சாப்பிடும்போதும் அதற்குப் பின் அரை மணி நேரமும் தண்ணீர் குடிக்காமல் இருப்பது, தண்ணீரை மடமடவென்று ஊற்றாமல் வாய் வாயாக உறிஞ்சுவது. ஆபரேஷன் முடிந்து வந்து பழகலாம் என்றால் முதல் வாரத்திலேயே ஓங்கரிப்பும் நெஞ்சு அடைப்பும்தான் மிச்சம். கடைவாய்ப் பல் ஆடிக்கொண்டிருந்தால் பல் டாக்டரையும் இப்போதே பார்த்துவிடுங்கள். மெல்ல முடியாத வாய்க்கு இந்த ஆபரேஷன் பெரிய சோதனை.

மாத்திரைகள்

நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். உணவுத் திட்டத்தைச் சொன்னபடி கடைப்பிடிக்கும் சர்க்கரை நோயாளிகளுக்குத்தான் இந்த ஆபத்து. சாப்பாடு பாதியாகிவிடும், ஆனால் சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரையும் இன்சுலினும் பழைய அளவிலேயே போய்க்கொண்டிருக்கும். உணவைத் தொடங்கிய மூன்றாம் நாள் களியக்காவிளை பஸ் ஸ்டாண்டில் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, ஒரு கடைத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார் ஒரு அண்ணன். கடைக்காரர் விவரம் தெரிந்தவர். சர்க்கரை கரைத்துக் கொடுத்ததால் தப்பினார். அவர் உணவில் ஒரு பிழையும் இல்லை. மருந்தைக் குறைக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சர்ஜன் அங்கே, சர்க்கரை டாக்டர் இங்கே, இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. எல்லைப்புறத்தில் இருப்பவர்களுக்கு இது ஒரு தனிச் சிக்கல். ஆகவே உணவைத் தொடங்கும் முன் இந்த உணவுப் பட்டியலையே எடுத்துக்கொண்டு போய்ச் சர்க்கரை டாக்டரிடம் காட்டி, எந்த மருந்து எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். இந்த வாரங்களில் குளுக்கோமீட்டர் கையோடு இருக்கட்டும்.

டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகள் வேறு ரகம். ஆபரேஷனுக்குக் குறைந்தது 3 நாள் முன்பே இவற்றை நிறுத்தச் சொல்வார்கள். மாவுச்சத்தை வெட்டிய உணவோடு இவை சேர்ந்தால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறும். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்கல் வரும், ஆனால் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமல் நம்மை ஏமாற்றும். அதனால் உணவு தொடங்கும் நாளிலேயே இதைப் பற்றிக் கேட்டுவிட வேண்டும். 2025-இல் இந்தியக் கடைகளுக்கு வந்த எடைக் குறைப்பு ஊசிகளைப் போட்டுப் பார்த்துவிட்டு ஆபரேஷனுக்கு வருபவர்களும் இப்போது இருக்கிறார்கள். அந்த ஊசி இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும் என்பதால் மயக்க மருந்து டாக்டரிடம் கடைசி ஊசி எப்போது என்று கட்டாயம் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, கருத்தடை மாத்திரை, நாட்டு மருந்து லேகியம் என்று எதையும் விடாமல் சொல்லுங்கள். பெயர் ஞாபகம் இல்லையென்றால் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய் மேசையில் கொட்டுங்கள். டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

குறட்டையை யாரும் நோயாக எடுத்துக்கொள்வதில்லை. ஒருவரின் மனைவி கணவர் தூங்குவதைச் செல்போனில் எடுத்துவந்து காட்டினார். பெரிய குறட்டை, அப்புறம் சத்தமே இல்லை, மார்பு மட்டும் திணறுகிறது, பிறகு ஒரு பெரிய இழுப்பு. அந்த வீடியோவே போதுமாக இருந்தது. தூக்கத்தில் மூச்சு நிற்கும் இந்தக் கோளாறு கண்டுபிடிக்கப்படாமல் மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து. இரவில் முகமூடி போட்டுக் காற்றைத் தள்ளும் மெஷினைச் சில வாரம் முன்பே பழகிவிட்டு, அட்மிட் ஆகும்போது அதையும் கையோடு எடுத்துப் போகச் சொல்வார்கள். புகைப்பவர்கள் குறைந்தது 6 வாரம் முன்பே நிறுத்த வேண்டும், தையல் ஆறுவதும் நுரையீரலும் அதைப் பொறுத்தது. குடியைப் பற்றி வெட்கப்படாமல் சொல்லுங்கள். பாறசாலைப் பக்கம் கள்ளுக்கடைக்குப் போவதானாலும் சரி. ஆபரேஷனுக்குப் பிறகு மது ரத்தத்தில் வேகமாக ஏறும், பழக்கமும் வேகமாகப் பிடித்துக்கொள்ளும்.

எண்டோஸ்கோப்பி, வயிற்று ஸ்கேன், ரத்தசோகை, பி12, வைட்டமின் டி என்று டெஸ்ட்டுகள் நீளும். மனநல ஆலோசகரையும் பார்க்கச் சொன்னதும் “எனக்கென்ன பைத்தியமா?” என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. கவலை வரும்போது சாப்பாட்டைத் தேடுகிறோமா என்று பார்க்கத்தான் அது. 2024-இல் புதுச்சேரி இளைஞர் ஒருவர் இந்த ஆபரேஷனுக்காகச் சென்னை போய் இறந்த செய்தியைப் படித்துவிட்டுப் பயந்து வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: டெஸ்ட்டுகளைச் சுருக்கி, நாளையே வாருங்கள் என்று அவசரப்படுத்தும் இடத்தைவிட, காக்க வைத்துக் கேள்வி கேட்கும் இடம் நல்லது. தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கேயே இருக்கிறதா என்பதை நீங்களும் கேளுங்கள்.

லீவு, கல்யாணம், இன்சூரன்ஸ்

வளைகுடாவிலிருந்து லீவில் வருகிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே லீவுக்குள் முடிக்கப் பார்க்கிறார்கள். டெஸ்ட், 2 வார உணவு, ஆபரேஷன், ஓய்வு எல்லாம் அதில் அடங்குவது கஷ்டம். ஆபரேஷன் முடிந்த கையோடு நீண்ட விமானப் பயணம் போனால் காலில் ரத்தம் உறையும் அபாயம் கூடும். டெஸ்ட்டுகளை ஒரு லீவில் முடித்துவிட்டு ஆபரேஷனை அடுத்த லீவுக்கு வைத்தவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். வாழ்நாள் முழுக்க வைட்டமின் மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் உண்டு, அதை அங்கே எங்கே செய்வது என்றும் யோசித்துவைக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்னால் ரகசியமாக முடித்துவிடலாம் என்று மகளைக் கூட்டி வரும் அம்மாக்கள் இன்னொரு வகை. சொந்தக்காரர்களிடம் ஹெர்னியா ஆபரேஷன் என்று சொல்லிக்கொள்ளட்டும், அது அவர்கள் விருப்பம். ஆனால் ஆபரேஷனுக்குப் பின் 12 முதல் 18 மாதம் கர்ப்பம் கூடாது. எடை இறங்கும்போது நின்றுபோன மாதவிலக்கு சீராகி, எதிர்பாராமல் கர்ப்பம் தரிப்பதும் நடக்கிறது. கல்யாணமான மூன்றாம் மாதமே “விசேஷம் உண்டா?” என்று கேட்கும் ஊர் இது. கட்டிக்கொள்ளப் போகிற பையனுக்கு மட்டுமாவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்று அந்த அம்மாக்களிடம் நேரடியாகச் சொல்லிவிடுவேன். பலருக்குப் பிடிப்பதில்லை.

இன்சூரன்ஸில் ஒரு முரண் உண்டு. இப்போதைய மருத்துவ வழிகாட்டுதல்படி பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 35 இருந்தாலே இந்த ஆபரேஷனைப் பரிந்துரைக்கலாம். 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 90 கிலோ இருந்தால் அந்த அளவு வந்துவிடும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதியோ 40 கேட்கிறது. 35 என்றால் கட்டுக்குள் வராத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்தடை, இதய நோய் போன்றவற்றில் ஒன்று கூடவே இருக்க வேண்டும், வேறு வழிகளில் முயன்று எடை குறையாமல் போயிருக்கவும் வேண்டும். இதனால் எடை குறைந்தால் க்ளெய்ம் போய்விடும் என்று பயந்து உணவைத் தொடங்காமலே இருக்கிறார்கள் சிலர். முதல் நாள் பார்த்த உயரமும் எடையும் தேதியோடு டாக்டர் கையெழுத்தில் ஃபைலில் இருக்கட்டும். எந்த எடையை அனுப்புவார்கள் என்று ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் மேசையில் கேட்டுத் தெரிந்துகொண்டு உணவைத் தொடங்குங்கள். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை நம்பி எல்லை தாண்டுபவர்கள் அந்த ஆஸ்பத்திரியில் அது செல்லுமா என்பதைப் போன் செய்து உறுதி செய்துவிட்டுப் பஸ் ஏறவும்.

கடைசி வாரத்தில் மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியைக் கொடுத்திருப்பார்கள். அதைப் பேரப்பிள்ளைகள் விளையாடக் கொடுத்துவிடாமல் நீங்களே ஊதாமல் உறிஞ்சிப் பழகுங்கள், தினமும் நடங்கள். காய்ச்சல், சளி, இருமல் வந்தால் மறைக்காமல் போன் செய்யுங்கள், தேதியைத் தள்ளி வைப்பார்கள். அப்படித் தள்ளிப்போனால் 800 கலோரி உணவை நீங்களாக இன்னும் ஒரு மாதத்துக்கு இழுக்க வேண்டாம். பழைய சாப்பாட்டுக்கும் மருந்து அளவுக்கும் எப்படித் திரும்புவது, மறுபடி எப்போது தொடங்குவது என்பதை அதே போனிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.