படிக்கத்தானே திறந்தேன், அதை ஏன் மூட வேண்டும்?

"தரவை எழுதுகிற புரோகிராம் கோடு முழுக்கப் பார்த்துட்டோம் சார், அங்கே தப்பே இல்லை." இப்படித் தொடங்கும் அழைப்பு இந்த ஆண்டில் எனக்கு இது நான்காவது. கதையும் அதே கதைதான். சி மொழியில் எழுதிய களஞ்சிய நூலகம் (தரவைச் சேமித்துத் தேடித் தரும் நிரல் தொகுப்பு), உள்ளே ஆர்டிஎஃப் கிராஃப்கள் (எழுவாய், பண்பு, மதிப்பு என்று மூன்று மூன்றாக, அதாவது ட்ரிப்பிள்களாக, எழுதிய தரவு), அடியில் அதையெல்லாம் ஒரே கோப்பில் வைக்கும் எல்எம்டிபி தரவுத்தளம். உண்மையான தரவு 2 ஜிபி கூட இருக்காது. கோப்போ 38 ஜிபி. டிஸ்க் நிரம்பி சர்வீஸ் படுத்த பிறகுதான் என்னைக் கூப்பிடத் தோன்றுகிறது.

எழுதுகிற இடத்தில் தப்பில்லை என்று அவர்கள் சொன்னது உண்மை. தப்பு படிக்கிற இடத்தில் இருந்தது. நான்கு முறையும் அங்கேதான்.

கடைசியாகப் பார்த்த ஃபங்ஷனைச் சொல்கிறேன். ஒரு ரிசோர்ஸின் (தரவு எதைப் பற்றியதோ அந்தப் பொருளின்) யூஆர்ஐயை, அதாவது அதன் அடையாள முகவரியைக் கொடுத்தால் அதன் தலைப்பைத் தர வேண்டும், அவ்வளவுதான் வேலை. ட்ரிப்பிள்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் இட்டரேட்டர் ஒன்றைத் திறக்கிறது (அதோடு எல்எம்டிபியில் படிப்பதற்கான ஒரு டிரான்சாக்‌ஷனும், அதாவது ஒரு ரீடரும் திறக்கும்; இட்டரேட்டரை மூடினால்தான் அதுவும் மூடும்), லூப் சுற்றுகிறது, தலைப்புக்கான ட்ரிப்பிள் வந்ததும் சரத்தை நகலெடுத்துக்கொண்டு வெளியே வருகிறது, இட்டரேட்டரை மூடுகிறது. அழகாக இருக்கிறது. ஆனால் லூப்புக்கு நடுவில் ஒரு இஃப். தலைப்பின் இடத்தில் எழுத்துக்குப் பதிலாக வேறொரு யூஆர்ஐ இருந்தால், பிழை எண்ணைக் கொடுத்துவிட்டு அங்கேயே ரிட்டர்ன். மூடும் வரி ஒன்பது வரி கீழே நிற்கிறது. அந்த வழியில் போகிறவர்கள் அதை எட்டிப் பார்ப்பதே இல்லை.

அப்படிப்பட்ட தரவு வருவது வாரத்துக்கு நாலைந்து முறை. நினைவகக் கசிவைக் கண்டுபிடிக்கும் வால்கிரைண்ட் கருவியில் அந்த வழியாக ஓட்டிப் பார்த்தால் கசிவது சில நூறு பைட். "இத்தனூண்டு லீக்குக்கு இவ்வளவு பேச்சா?" என்று ஒரு தம்பி கேட்டார். அவர் மேல் கோபம் இல்லை. எனக்குக் கோபம் அந்த நினைப்பின் மேல்தான்: படிப்பதால் யாருக்கும் எந்தக் கெடுதலும் வராது என்கிற நினைப்பு.

இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். எல்எம்டிபியில் எழுதுபவர் பழைய பக்கத்தை, அதாவது கோப்பின் ஒரு சம அளவுத் துண்டை, தொடுவதே இல்லை. மாற்ற வேண்டிய பக்கத்துக்குப் புது நகல் எடுத்து, அதில் எழுதி, பக்கங்கள் அடுக்கியிருக்கும் மரத்தின் வேர்வரை புதுப்பாதை போட்டுவிட்டுப் போகிறார். பழைய பக்கம் காலி என்று குறித்து வைக்கப்படும். அதை மறுபடி எப்போது பயன்படுத்தலாம்? அதைப் பார்க்கக்கூடிய ரீடர் ஒருவர்கூட இல்லை என்றான பிறகு. நீங்கள் படிக்கத் திறந்த டிரான்சாக்‌ஷன் அந்தக் கணத்துத் தரவுத்தளம் முழுவதற்கும் ஒரு நிழற்படம். முழுவதற்கும் என்பதைக் கவனியுங்கள். "அந்த ரீடர் பார்த்தது ஒரே ஒரு ட்ரிப்பிள்தானே, அந்த ஒரு பக்கம்தானே மாட்டியிருக்கும்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. அவர் எந்தப் பக்கத்தைப் பார்த்தார், இனி எதைப் பார்ப்பார் என்று எல்எம்டிபி கணக்கு வைப்பதில்லை. மிகப் பழைய ரீடர் எந்த டிரான்சாக்‌ஷன் எண்ணில் நிற்கிறாரோ, அதற்குப் பிறகு காலியான பக்கங்கள் அத்தனையும் காத்திருக்க வேண்டியதுதான். மூடாத ரீடர் நாற்பது வேண்டாம், ஒன்றே போதும்.

இப்போது எழுதும்போது ஆகும் கணக்கைப் போடுங்கள். ஒரு ட்ரிப்பிளை தேடுவதற்காக மூன்று வரிசைகளில், வரிசைக்கு ஒரு மரமாக, குறியிட்டு வைக்கும் நூலகம், ஒவ்வொரு மரமும் நாலு அடுக்கு, பக்கம் 4 கேபி என்றால், ஒரே ஒரு ட்ரிப்பிளைச் சேர்த்து கமிட் செய்வதற்கு (எழுதியதை நிலைப்படுத்துவதற்கு) குறைந்தது 12 பக்கங்கள், அதாவது 48 கேபி புதிதாக எழுதப்படுகிறது. ரீடர் யாரும் மாட்டிக்கொண்டு நிற்காவிட்டால், அடுத்தடுத்த கமிட்டுகள் அந்தப் பழைய பக்கங்களையே திரும்ப எடுத்துக்கொள்ளும், கோப்பு அசையாது. ஒருவர் நின்றுவிட்டால் ஒவ்வொரு கமிட்டுக்கும் கோப்பு 48 கேபி வளரும். எட்டு லட்சம் கமிட்டில் 38 ஜிபி. இதில் மர்மம் ஒன்றும் இல்லை. (ட்ரிப்பிளுக்கு ஒரு கமிட் போடுகிறவர்களோடு எனக்குத் தனியாக ஒரு சண்டை இருக்கிறது. கிராஃபுக்கு ஒன்று போடுங்கள் ஐயா.)

இதில் இன்னொரு வேடிக்கை. அந்தக் குழுவுக்கு முன்பே எச்சரிக்கை வந்திருக்கிறது. ரீடர் இடங்கள் தீர்ந்துவிட்டன என்று பிழை வந்தது. எல்எம்டிபி இயல்பாகத் தருவது 126 இடம். போதவில்லை போலிருக்கிறது என்று அதை 4000 ஆக்கியிருக்கிறார்கள். சர்வீஸில் ஒரே நேரத்தில் ஓடும் த்ரெட் (இணையாக ஓடும் வேலை இழை) பதினாறு. பதினாறு பேர் இருக்கும் வீட்டில் 126 நாற்காலியும் நிரம்பிவிட்டது என்றால், இன்னும் நாற்காலி வாங்குவதா, உட்கார்ந்திருப்பது யார் என்று பார்ப்பதா?

ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுமா? பாதிதான். புராசஸ் முடிந்ததும் மாட்டியிருந்த பக்கங்கள் விடுபடும், அடுத்த கமிட்டுகள் அவற்றை எடுத்துக்கொள்ளும். ஆனால் கோப்பு சுருங்காது. சுருக்க வேண்டுமென்றால் எல்எம்டிபியோடு வரும் எம்டிபி காப்பி கருவியை சி (-c) விருப்பத்தோடு ஓட்டிப் புதுப்பிரதி எடுக்க வேண்டும். ஒரே கோப்பைப் பல புராசஸ்கள் திறந்திருந்து அவற்றில் ஒன்றை நீங்கள் கில் மைனஸ் 9 போட்டுக் கொன்றிருந்தால், செத்தவரின் இடம் லாக் கோப்பில் அப்படியே இருக்கும், பக்கங்களையும் பிடித்து வைத்திருக்கும். அதைத் துடைக்கவே ரீடர் செக் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. கூப்பிட்டால்தான் வேலை செய்யும்.

சரி, லீக்கை அடைத்தாயிற்று. அப்புறம்தான் உண்மையான கூத்து. மறுநாளே "தலைப்புகளில் குப்பை எழுத்து வருகிறது, நீங்கள் எதையோ உடைத்துவிட்டீர்கள்" என்று செய்தி. நான் உடைக்கவில்லை. எல்எம்டிபி தரும் பாயிண்டர் (தரவு இருக்கும் இடத்தின் முகவரி) நினைவகத்தில் மேப் செய்த கோப்புக்குள் நேராகக் காட்டுவது. டிரான்சாக்‌ஷன் முடியும்வரைதான் அதற்கு உயிர். வேறொரு ஃபங்ஷனில் டிரான்சாக்‌ஷனை மூடிவிட்டு, நகல் எடுக்காமல் அதே பாயிண்டரை, பதிலை ஜேசன் வடிவில் எழுதும் இடம்வரை கொண்டு போயிருந்தார்கள். இத்தனை நாளும் மூடாத அந்த ரீடர் பழைய பக்கங்களைப் பிடித்து வைத்திருந்ததால் இது தெரியவில்லை. ஒரு பிழை இன்னொரு பிழைக்குக் குடை பிடித்திருக்கிறது. டெஸ்டில் மட்டும் இது என்றைக்கும் மாட்டாது, ஏனென்றால் டெஸ்டில் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் எழுதிக்கொண்டிருப்பதில்லை.

எல்எம்டிபி இல்லாதவர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். ரெட்லாண்ட் என்ற ஆர்டிஎஃப் நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கிராஃபை வைத்திருக்கும் மாடலில் ட்ரிப்பிளைச் சேர்க்க இரண்டு வழி. ட்ரிப்பிளின் மூன்று உறுப்புகளையும் மூன்று நோடுகளாகக் கொடுத்துச் சேர்த்தால், அந்த நோடுகள் மாடலுக்குச் சொந்தம். நீங்கள் ஃப்ரீ செய்தால் (நினைவகத்தை விடுவித்தால்) இரட்டை ஃப்ரீ. முழு ட்ரிப்பிளையும் ஒரே ஸ்டேட்மெண்டாகக் கொடுத்துச் சேர்த்தால், அது நகல் எடுத்துக்கொள்ளும். உங்களுடையதை நீங்களே ஃப்ரீ செய்ய வேண்டும், இல்லாவிட்டால் லீக். பெயரில் ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம். படிக்கும்போது ஸ்ட்ரீமிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கும் ஸ்டேட்மெண்ட் வெறும் இரவல், அடுத்த அடி எடுத்து வைத்ததும் போய்விடும். எல்லாம் ஆவணத்தில் ஃபங்ஷனுக்குக் கீழேயே எழுதியிருக்கிறது. படித்தவர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது. சோர்ட் என்ற இன்னொரு ஆர்டிஎஃப் நூலகம் இந்த விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பு: இட்டரேட்டர் திறந்திருக்கும்போது புதிதாக எதையாவது சேர்க்கப் போனால் பிழை சொல்லும். அந்தப் பிழையைத் திட்டாதீர்கள், உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறது.

பிளாங்க் நோடு (யூஆர்ஐ இல்லாத நோடு) பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் கோப்பு வளர்வதற்கு அடுத்த காரணம் அதுதான். கிராஃப் என்பது கணிதத்தில் சொல்லும் கணம் (செட்), ஒரே ட்ரிப்பிளை நூறு முறை போட்டாலும் ஒன்றுதான். ஆனால் பிளாங்க் நோடின் லேபிள் நீங்கள் ஏற்றுகிற அந்த ஒரு கோப்புக்குள் மட்டும் செல்லும் பெயர். ஒவ்வொரு இரவும் அதே கோப்பை மறுபடி ஏற்றினால் ஒவ்வொரு இரவும் புதுப்புது நோடுகள் பிறக்கும். பழைய கிராஃபை முழுதாக நீக்கிவிட்டு, அதே டிரான்சாக்‌ஷனில் புதியதை ஏற்றுங்கள். முடியாவிட்டால் அந்த நோடுகளுக்கு நிலையான யூஆர்ஐ கொடுத்துவிடுங்கள், ஆர்டிஎஃப் 1.1 அதற்கு 2014லேயே வழி சொல்லிவிட்டது.

திருத்த வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு ஃபங்ஷனுக்கு வெளியே போகும் வாசல் ஒன்றாக இருக்கட்டும். நடுவில் பிழை வந்தால் கோட்டூ (வேறொரு வரிக்குத் தாவும் கட்டளை) போட்டு அந்த வாசலுக்கே வாருங்கள். கோட்டூ கெட்ட பழக்கம் என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். சி மொழியில் துப்புரவு வேலைக்கு அதைவிட நல்லது இதுவரை நான் பார்க்கவில்லை. இட்டரேட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு நெட்வொர்க்குக்குப் பதில் அனுப்பாதீர்கள். எதிரில் இருப்பவர் மெதுவாகப் படித்தால் உங்கள் ரீடரும் அதுவரை நிற்கும். தேவையானதை நகல் எடுங்கள், மூடுங்கள், பிறகு அனுப்புங்கள். பிழை வழிகளுக்கும் டெஸ்ட் எழுதுங்கள், அந்த டெஸ்டின் கடைசியில் திறந்த ரீடர் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பூஜ்யம் வர வேண்டும்.

இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். எம்டிபி ஸ்டாட் கருவியை ஈ (-e) விருப்பத்தோடு ஒரு முறை, ஆர் (-r) விருப்பத்தோடு ஒரு முறை ஓட்டுங்கள். முதலாவது கடைசி டிரான்சாக்‌ஷன் எண்ணைக் காட்டும், இரண்டாவது ஒவ்வொரு ரீடரும் எந்த எண்ணில் நிற்கிறார் என்று காட்டும். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி ஓட்டுங்கள். கடைசி எண் ஓடிக்கொண்டே இருக்க, ரீடர் ஒருவர் மட்டும் பழைய எண்ணிலேயே நின்றால், அந்த வரியில் இருக்கும் புராசஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு அப்புறம் எனக்கு ஃபோன் செய்யுங்கள்.