தட்டினால் வெடிக்கும் மருந்தும் ஜோஷுவா ஷா இழந்த காப்புரிமையும்

தீபாவளித் துப்பாக்கியில் வைக்கும் பொட்டுக் கேப், நெருப்பே படாமல் எப்படி வெடிக்கிறது என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இதே கேள்விக்குள்தான் 19ஆம் நூற்றாண்டில் துப்பாக்கியையே மாற்றிய ஒரு கண்டுபிடிப்பு அடங்கியிருக்கிறது.

அதற்கு முன் துப்பாக்கி வெடிக்கச் சிக்கிமுக்கிக் கல்தான் வழி. கல் இரும்பில் உரசிப் பொறி பறக்கும். வெளியே உள்ள சிறு கிண்ணத்தில் கருமருந்து பற்றும். அந்தத் தீ ஒரு துளை வழியாகக் குழலுக்குள் போகும். மழையில் நனைந்தால் வேலை செய்யாது. கிண்ணத்தின் பளிச்சொளியைக் கண்டு பறவைகள் தப்புவதைப் பார்த்த ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத், தட்டினாலே வெடிக்கும் ஃபல்மினேட் உப்புகளைப் பயன்படுத்தினார். 1807இல் காப்புரிமையும் பெற்றார். ஓவியர் ஜோஷுவா ஷா அந்த மருந்தைச் சிறு உலோகத் தொப்பிக்குள் அடைத்தார். தொப்பியைத் துளையுள்ள முளையில் மாட்டிவிட்டால் போதும். சுத்தியல் அதன் மேல் விழுந்ததும் தீ நேரே குழலுக்குள் பாயும்.

ஆனால் ஓர் அடி எப்படி நெருப்பாகிறது? அடியின் ஆற்றல் மருந்து முழுவதும் சமமாகப் பரவினால் அது வெடிக்கும் அளவுக்குச் சூடேறாது. அழகே இங்குதான்: அது சமமாகப் பரவுவதில்லை. படிகங்கள் ஒன்றோடொன்று தேய்கின்றன. இடையில் சிக்கிய நுண்ணிய காற்றுக் குமிழிகள் நொடியில் நசுங்குகின்றன. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுகிறதே, அதே விளைவுதான். ஆனால் இங்கே வெப்பம் வெளியேற அவகாசமே இல்லை. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள புள்ளிகளில் வெப்பநிலை 400, 500 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் பவ்டனும் யோஃபியும் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்தச் சூட்டுப்புள்ளிகளை விரிவாக ஆராய்ந்தார்கள். அந்தப் புள்ளியில் பாதரச ஃபல்மினேட் உடைந்து பாதரசம், கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் என்று பிரிகிறது. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் மிக உறுதியான மும்மைப் பிணைப்பில் சேரும்போது பெரும் ஆற்றல் வெளிப்படுகிறது. அது பக்கத்துப் படிகத்தை உடைக்கிறது, அது அடுத்ததை. பொட்டுக் கேப்பில் உள்ளவை சிவப்புப் பாஸ்பரஸும் பொட்டாசியம் குளோரேட்டும். வேதியியல் வேறு, தொடங்கிவைப்பது அதே உராய்வுச் சூடுதான்.

1834இல் பிரிட்டிஷ் ராணுவம் இரு வகைத் துப்பாக்கிகளாலும் தலா 6,000 முறை சுட்டுப் பார்த்தது. சிக்கிமுக்கி 922 முறை பொய்த்தது. தொப்பி வெறும் 36 முறை.

இவ்வளவு பயனுள்ள ஒன்றுக்கு ஷா ஏன் உரிமையை இழந்தார்? இங்கிலாந்தில் ஃபோர்சைத்தின் காப்புரிமை 1821 வரை குறுக்கே நின்றது. 1817இல் ஷா அமெரிக்கா போனார். அன்றைய சட்டப்படி, வெளிநாட்டவர் அங்கே இரண்டு ஆண்டுகள் வசித்திருந்தால்தான் விண்ணப்பிக்க முடியும். இங்கிலாந்தில் அவர் நம்பிக் கூறியிருந்த ரகசியமோ லண்டன் துப்பாக்கித் தயாரிப்பாளர் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தது. 1822இல் ஷா அமெரிக்கக் காப்புரிமை பெறுவதற்குள் தொப்பி ஐரோப்பாவில் பரவலாகிவிட்டது. ‘ஷா எதிர் கூப்பர்’ வழக்கில் 1833இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், விண்ணப்பத்துக்கு முன்பே பொதுப் பயன்பாட்டுக்கு வந்துவிட்டதால் காப்புரிமை செல்லாது என்றது.

சட்டப்படி அந்தத் தீர்ப்பு சரியாக இருக்கலாம். எனக்கு அது கொடுமையாகவே படுகிறது. அதே பள்ளத்தில் நம் ஆய்வு மாணவர்கள் இன்று விழக்கூடும் என்பதுதான் என் கவலை. கருவி வாங்க நிதி ஒதுக்கும் பல்கலைக்கழகங்கள், கருத்தரங்கில் ஆய்வை வெளியிடும் முன்பே மாணவரை உட்காரவைத்துக் காப்புரிமை பற்றிப் பேச முழுநேர வல்லுநர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும். இது சலுகையல்ல, ஆய்வுச் செலவின் ஒரு பகுதி.

ஷாவின் தொப்பி பின்னர் தோட்டாவின் அடிப்பகுதிக்குள்ளேயே குடியேறியது. பாதரசம் தோட்டா உறையின் பித்தளையை நொறுங்க வைப்பதால் ஃபல்மினேட் கைவிடப்பட்டு, ஈயச் சேர்மங்கள் வந்தன. சுடும் பயிற்சிக் கூடங்களின் காற்றில் ஈயம் கலப்பதால், இப்போது ஈயமில்லாத மருந்தைத் தேடுகிறார்கள்.