தழும்பைக் கரைக்கப் போய் மாத்திரையை நிறுத்தியவர்கள்

போன வாரமும் ஒருவர். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், மாரடைப்பு வந்து, அடைத்த ரத்தக்குழாயைத் திறந்துவைக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்தவர். கால் வீங்கி, மூச்சு முட்டி, மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். மாத்திரைப் பையைக் கொட்டச் சொன்னேன். நான் எழுதிக் கொடுத்தது ஒன்றுகூட இல்லை. மஞ்சள் கேப்ஸ்யூல் டப்பா ஒன்றுதான் உருண்டது. "ஹார்ட்டுல இருக்க தழும்ப இது கரைச்சிருமாம்ல, டாக்டரம்மா. வாட்ஸ்அப்புல வந்துச்சு." இதைச் சொல்வதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினார்.

அந்தச் செய்தி முழுப் பொய்யாக இருந்தால் எனக்கு வேலை சுலபம். மஞ்சளில் உள்ள குர்குமினை எலிகளுக்குக் கொடுத்து, இதயம் தடித்துப் பலவீனமாவது குறைகிறது என்று 2008-ல் ஜப்பானிலும் கனடாவிலும் காட்டியிருக்கிறார்கள். நல்ல ஆய்வுகள்தான். ஆனால் எலி! மாரடைப்பு வந்த மனிதருக்கு மாத்திரைக்குப் பதிலாக இதைக் கொடுக்கலாம் என்று எந்த ஆய்வும் நிரூபிக்கவில்லை.

அதைவிட எனக்கு எரிச்சல் மூட்டுவது இந்தக் 'கரைக்கிற' நினைப்பு. தழும்பு என்பது ரத்தக்குழாய் அடைப்பு அல்ல. கரைத்துவிட்டால் அடியில் நல்ல சதை இருக்கும் என்பதும் இல்லை. மாரடைப்பில் செத்த இதயத்தசை செத்ததுதான், திரும்ப வளராது. அந்த இடத்தில் உடம்பு கொலாஜன் நாரைப் போட்டு இறுக்கிக்கொள்கிறது. அது சரியாக உருவாகாதவர்களுக்கு முதல் வாரத்திலேயே இதயச் சுவர் கிழிந்துபோவது உண்டு. ஓட்டைக் குடத்துக்குப் பற்றவைத்த ஈயத்தை உருக்கி எடுத்துவிட்டுத் தண்ணீர் பிடிப்பீர்களா?

நாங்கள் பயப்படுவது வேறொன்றுக்கு: உயிரோடு இருக்கிற தசைக்குள்ளும் அந்த நார் மெல்லப் பரவுவதற்கு. அதை மட்டுப்படுத்தும் மருந்துகள்தான் நீங்கள் நிறுத்திய அட்டையில் இருந்தன. எனாலப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் எல்லாம் அந்த வகை. இதயம் கடுமையாகப் பலவீனப்பட்டவர்களிடம் ஸ்பைரோனோலாக்டோன் மரணங்களை 30 சதவீதம் குறைத்ததை 1999-லேயே காட்டிவிட்டார்கள். விலை மலிவு; அதனாலோ என்னவோ யாருக்கும் மதிப்பில்லை. கேப்ஸ்யூல் டப்பாவின் விலையைக் கேட்டு எனக்குத்தான் மூச்சு முட்டியது.

"மஞ்சள்தானே, என்ன செய்யும்?" என்பார்கள். மஞ்சள்பொடியில் குர்குமின் சுமார் 3 சதவீதம், அதுவும் ரத்தத்தில் லேசில் சேராது. அதனால்தான் டப்பாக்காரர்கள் மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். அது குர்குமினை ரத்தத்தில் சுமார் 20 மடங்கு கூட்டும் என்று 1998-ல் பெங்களூரு ஆய்வு ஒன்று சொன்னது. இத்தகைய மாத்திரைகளால் கல்லீரல் அழற்சி வந்தவர்கள் 2019-ல் இத்தாலியில் வரிசையாகப் பதிவானார்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ரத்தக்கசிவு ஆபத்தும் கூடலாம். குழம்பில் போடும் மஞ்சளை நான் தடுக்கவே இல்லை. ஊறுகாய், அப்பளம், கருவாட்டைத்தான் வேண்டாம் என்றேன். அதை மட்டும் ஒருத்தரும் ஃபார்வேர்டு செய்வதில்லை.

ஸ்டென்ட் வைத்தவர்கள், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரைகளைத் தாமாக நிறுத்தவே கூடாது. ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் ஆஸ்பத்திரிக்கு வந்துசேர நேரம் இல்லாமல் போகலாம். ஸ்பைரோனோலாக்டோன் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றலாம்; அதைச் சாப்பிடுகிறவர்கள் பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினினும் ரத்தத்தில் பார்க்கச் சொன்ன தேதியைத் தவறவிடாதீர்கள். வெயிலுக்கு இதம் என்று இளநீரை வரிசையாக இறக்காதீர்கள், அதிலும் பொட்டாசியம் அதிகம். வேறெதையாவது சாப்பிட்டே ஆகவேண்டுமா? டப்பாவோடு வாருங்கள், திட்ட மாட்டேன். காலையில் சிறுநீர் கழித்தபின் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினாலோ, தலையணையைக் கூட்டி வைத்தால்தான் தூக்கம் வருகிறது என்றாலோ, திருவிழா முடியட்டும் என்று இருக்காமல் அன்றைக்கே கிளம்பி வந்துவிடுங்கள்.