டார்வின் கண்ணில் படாத பனியாறு

1831ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். டார்வினை உலகம் சுற்றக் கொண்டுபோகப் போகும் பீகிள் கப்பல் புறப்பட இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. 22 வயது சார்லஸ் டார்வின், கேம்பிரிட்ஜ் நிலவியல் பேராசிரியர் ஆடம் செட்ஜ்விக்குடன் வடக்கு வேல்ஸ் மலைகளில் கூம் இத்வால் என்ற இடத்துக்கு வந்திருக்கிறார். செட்ஜ்விக்குக்குப் புதைபடிவங்கள் வேண்டும். இருவரும் பல மணி நேரம் பாறை பாறையாகத் தேடுகிறார்கள். அத்தனை நேரம் தேடியும், தாங்கள் நிற்கும் இடமே ஒரு பனியாறு, அதாவது மலையிலிருந்து மெதுவாக வழியும் பெரும் பனிக்கட்டி, குடைந்து வைத்த குழி என்பது இருவருக்கும் தெரியவில்லை.

வயதான பிறகு டார்வின் இதை மறைக்காமல் எழுதிவைத்தார். கீறல் விழுந்த பாறைகள், எங்கிருந்தோ வந்து உட்கார்ந்த பெருங்கற்கள், பனியாறு குவித்த மேடுகள் என எல்லாம் கண்ணெதிரே கிடந்தும் இரண்டு பேரில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லையாம். தீப்பிடித்து எரிந்துபோன வீடுகூட, தனக்கு நடந்ததை இந்தப் பள்ளத்தாக்கைவிடத் தெளிவாகச் சொல்லாது என்கிறார்.

பிரிட்டனில் மலை நடைக்குப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் எது என்று கேட்டால், நான் கூம் இத்வாலைத்தான் சொல்வேன். ஏ5 சாலையில் ஆக்வென் ஏரியின் மேற்கு முனையில் இறங்கி, கல் பாவிய பாதையில் அரை மணி நேரம் ஏறினால் போதும். சுமார் 370 மீட்டர் உயரத்தில் இத்வால் ஏரி கிடக்கும். அதைச் சுற்றி வந்து திரும்ப மொத்தமே 5 கி.மீ. அளவுதான். மூன்று பக்கமும் சுவர் எழுப்பியதுபோல மலை நிற்கும். ஒரு பக்கம் 1,001 மீட்டர் உயரமுள்ள கிளிடர் வவுர், இன்னொரு பக்கம் 947 மீட்டர் உயர கார்ன். நான்காவது பக்கம் திறந்திருக்கும். ஒரு பக்கம் உடைந்த கிண்ணம் மாதிரி. இந்த அமைப்புக்குத்தான் வேல்ஸ் மொழியில் ‘கூம்’ என்று பெயர். ஸ்காட்லாந்தில் ‘காரி’ என்பார்கள். நாம் பள்ளியில் ‘சர்க்’ என்று படித்தோமே, அதேதான். வேல்ஸின் முதல் தேசிய இயற்கைக் காப்பகமாக 1954இல் அறிவிக்கப்பட்டதும் இந்தக் கிண்ணம்தான்.

இங்குள்ள பாறைகளுக்கு வயது ஏறக்குறைய 45 கோடி ஆண்டு. எரிமலைச் சாம்பலும் குழம்பும் கடலடிச் சேறும் இறுகி உண்டானவை. பக்கத்தில் இருக்கும் ஸ்னோடன் உச்சியில், 1,085 மீட்டர் உயரத்தில், கடல் சிப்பிகளின் அச்சு கிடைப்பது அதனால்தான். ஆனால் இன்று நாம் பார்க்கும் வடிவம் அவ்வளவு பழையதல்ல. கடந்த 26 லட்சம் ஆண்டுகளில் உலகம் பலமுறை குளிர்ந்து பலமுறை சூடானது. ஒவ்வொரு குளிரிலும் இங்கே பனி வந்து செதுக்கிவிட்டுப் போனது. மரம் பழசு, தச்சு வேலை புதுசு.

அந்தத் தச்சு வேலை எப்படி நடந்தது? புதிதாக விழும் பனியில் பெரும்பகுதி காற்றுதான். ஒரு கன மீட்டரை அள்ளி நிறுத்தால் 100 கிலோ அளவுக்குத்தான் தேறும். கோடையில் அது முழுக்க உருகிவிட்டால் ஒன்றும் ஆகாது. கொஞ்சம் மிச்சம் இருந்து, அதன்மேல் அடுத்த ஆண்டுப் பனி விழுந்து, இப்படியே பல ஆண்டுகள் சேர்ந்தால், அடியில் இருப்பது நசுங்கிக் காற்றை இழக்கிறது. கடைசியில் கன மீட்டருக்கு 900 கிலோவைத் தொடும் நீல நிறப் பனிக்கட்டி ஆகிறது. ஆக, பனியாறு உருவாக ஒரு வருஷம் கொட்டித் தீர்க்க வேண்டும் என்பதில்லை. கோடை தவறிக்கொண்டே இருந்தால் போதும்.

பனிக்கட்டி இவ்வளவு தடித்ததும் அது நகரத் தொடங்குகிறது. கட்டி எப்படி ஓடும் என்று கேட்கலாம். சாலை போடும் இடத்தில் தார் பீப்பாய் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். குளிர்ந்த தாரைச் சுத்தியலால் அடித்தால் சில்லுச் சில்லாக உடையும். அதே தார், பீப்பாய் சாய்ந்து கிடந்தால், ஆள் யாரும் தொடாமலே வெளியே வழிந்து வந்திருக்கும். பனிக்கட்டியும் அப்படித்தான். மேல்பரப்பில் சில பத்து மீட்டர் ஆழம்வரை அது உடையும் பொருள். அதற்குக் கீழே, தன் எடையின் அழுத்தத்தில் மெதுவாக வழியும் பொருள்.

வழிவதோடு வழுக்கவும் செய்கிறது. 100 மீட்டர் தடிமனுள்ள பனி, கீழே ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 90 டன் எடையை ஏற்றுகிறது. அழுத்தம் கூடினால் பனியின் உருகுநிலை ஒரு துளி குறையும். நிலத்தின் சூடும் உராய்வும் சேர்ந்துகொள்ள, பாறைக்கும் பனிக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் உண்டாகிறது. வழியில் ஒரு பாறைத் திட்டு குறுக்கிட்டால், அதன் முன்பக்கத்தில் அழுத்தம் கூடிப் பனி உருகுகிறது. அந்த நீர் திட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனதும் அழுத்தம் குறைந்து மறுபடி உறைகிறது. தடையைத் தாண்ட அதற்குத் தெரிந்த வித்தை இது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பனிக்கட்டி பாறையைவிட மிகவும் மென்மையானது. அது எப்படிப் பாறையைத் தேய்க்கும்?

அம்மி கொத்துகிறவர் தெருவில் வரும் காலத்தை நினைத்துப் பாருங்கள். வழுவழுவென்று ஆகிவிட்ட அம்மியில் மிளகாய் அரையாது. கொத்தி முனை எடுத்தால்தான் அரைக்கும். வெறும் பனியும் அந்த வழுவழுத்த அம்மி மாதிரிதான். அதன் அடியில் மாட்டிக்கொண்ட கற்கள்தாம் அதன் முனைகள். தச்சர் கையில் உப்புத்தாள் எப்படியோ, பாறைமேல் கல் பதிந்த பனி அப்படி. இத்வால் ஏரிப் பக்கம் பனி வழவழப்பாக்கிய பாறை ஒன்றைக் கண்டால் கையுறையைக் கழற்றிவிட்டுத் தடவிப் பாருங்கள். ஒரே திசையில் இணையாக ஓடும் கீறல்கள் விரலில் தட்டுப்படும். ஒவ்வொரு கீறலும், என்றோ ஒரு கல் இழுபட்டுப் போன தடம். ஆயிரக்கணக்கான ஆண்டு மழை அடித்தும் அழியவில்லை.

அதே பாறையை ஒருமுறை சுற்றி வாருங்கள். ஒரு பக்கம் திமிங்கலத்தின் முதுகுபோல வழுவழுப்பு. மறுபக்கம் உடைத்துப் போட்டதுபோலச் செங்குத்தான முரடு. வழுவழுப்பான பக்கம், பனி ஏறி வந்த பக்கம். முரடான பக்கத்தில் அழுத்தம் குறைந்து நீர் விரிசல்களுக்குள் புகுந்து உறைந்தது. உறையும் நீர் ஒன்பது சதவீதம் விரியும். அப்படிப் பெயர்ந்த துண்டுகளைப் பனி தன்னோடு ஒட்டிப் பிடுங்கிக்கொண்டு போனது. பிடுங்கிய கல்தான் அடுத்த பாறையைக் கீறும் முனை. தனக்கு வேண்டிய கருவியைப் பனியாறு போகும் வழியிலேயே எடுத்துக்கொள்கிறது. இந்த ஒரு பாறை தெரிந்துவிட்டால், வரைபடமும் திசைகாட்டியும் இல்லாமலே பனி எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனது என்று சொல்லிவிடலாம்.

சரி, இது ஏன் கிண்ணமாகக் குடைந்தது? மலைச்சரிவில் பனி தங்கிய ஒரு சின்னப் பள்ளம்தான் தொடக்கம். மேல்பகுதியில் ஆண்டுதோறும் பனி சேர்கிறது, கீழ்விளிம்பில் உருகுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்ய, பனி முழுவதும் சாய்வு நாற்காலியில் சரிந்து உட்காருகிறவர்போல வளைந்து சுழன்று இறங்குகிறது. சுழற்சியின் அடிமட்டத்தில் தேய்ப்பு அதிகம், அங்கே ஆழமாகக் குடைகிறது. வெளிவாசலில் பனி மெலிந்துவிடுவதால் அங்கே பாறை வாசற்படிபோல எஞ்சுகிறது. பனி உருகிய பின் அந்தப் படிக்குப் பின்னால் தண்ணீர் தேங்குகிறது. பிரிட்டன் மலைகளில் உயரத்தில் கிடக்கும் எத்தனையோ சிறு ஏரிகளின் பிறப்பு இதுதான்.

இந்தக் கிண்ணங்கள் எந்தப் பக்கம் பார்த்து இருக்கின்றன என்பதைக் கவனிப்பதில்தான் எனக்கு ஆசை அதிகம். பெரும்பாலானவை வடக்கும் கிழக்கும் பார்த்தவை. காரணம் எளிது. பிரிட்டனில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுகிறது. அது மேற்குச் சரிவில் விழுந்த பனியை வாரிக்கொண்டுபோய் முகட்டுக்கு அப்பால், காற்று மறைவில் கொட்டுகிறது. அப்புறம் வெயில். பகலின் சூடான நேரத்து வெயில் தெற்கிலும் மேற்கிலும் படுகிறது, வடகிழக்கு மூலை நிழலில் கிடக்கிறது. பனி அங்கேதான் கோடையைத் தாண்டும், அங்கேதான் குடையும். வடமேற்கு இங்கிலாந்தின் ஏரிகள் மாவட்டத்தில் 950 மீட்டர் உயரமுள்ள ஹெல்வெலின் மலைக்குப் போனால் இது பளிச்சென்று தெரியும். மேற்கே புல் மூடிய சாதுவான சரிவு. உச்சியைத் தாண்டிக் கிழக்கே எட்டிப் பார்த்தால் செங்குத்துப் பாறையும் கீழே ரெட் டார்ன் ஏரியும். பிரிட்டனின் மிக உயர்ந்த மலையான 1,345 மீட்டர் பென் நெவிஸும் அப்படித்தான். எல்லோரும் ஏறும் பாதை மேற்குப் பக்கம் வளைந்து வளைந்து போகிறது. வடகிழக்குப் பக்கமோ கயிறு கட்டி ஏறுபவர்களின் செங்குத்துப் பாறை. ஒரே மலைக்கு இரண்டு முகம் வந்தது காற்றாலும் வெயிலாலும்.

முதுகோடு முதுகாக இரண்டு கிண்ணங்கள் குடைந்துகொண்டே போனால் நடுவில் கத்தி விளிம்பு மாதிரி ஒரு முகடு மிஞ்சும். ஸ்னோடனின் கிரிப் கோக் அப்படிப்பட்டது. மேலே சில இடங்களில் கால் வைக்கும் அகலம்தான் இருக்கும். பழக்கமில்லாதவர்கள் அதில் ஏற வேண்டாம், பழகியவர்களும் பலத்த காற்றில் ஏற வேண்டாம். கீழே பாதையில் நின்று பார்த்தாலே அது எப்படி உருவானது என்று புரியும்.

இத்வால் கிண்ணத்திலிருந்து வழிந்த பனி, வாசலைத் தாண்டி மற்றப் பனியாறுகளோடு கூடி நன்ட் ஃப்ராங்கன் பள்ளத்தாக்கைக் குடைந்தது. அடி தட்டையாக, இரு பக்கமும் செங்குத்தாக, மாட்டுத் தொட்டிபோல இருக்கும் பள்ளத்தாக்கு அது. அதன் நடுவே இன்று ஓடும் ஆக்வென் ஆற்றைப் பார்த்தால் இவ்வளவு சிறிய ஆறா இதை வெட்டியது என்று சந்தேகம் வரும். வரட்டும், அந்தச் சந்தேகம் நியாயமானதுதான்.

டார்வின் தவறவிட்டதற்குக் காரணம் கண் அல்ல. 1831இல் பிரிட்டனில் ஒரு காலத்தில் பனியாறுகள் இருந்தன என்ற எண்ணமே பரவியிருக்கவில்லை. சுவிட்சர்லாந்துக்காரரான லூயி அகாசி பனியுகக் கருத்தை முன்வைத்தது 1837இல். 1840இல் அவரே ஸ்காட்லாந்துக்கு வந்து அடையாளங்களைக் காட்டினார். 1842 ஜூனில் டார்வின் மறுபடி இத்வாலுக்கு வந்தார். பாறை அதே பாறை, ஏரி அதே ஏரி. இந்த முறை கீறல்களும் மேடுகளும் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அதே ஆண்டு அவற்றைக் கட்டுரையாக எழுதி வெளியிட்டார்.

அந்த மேடுகள் ஏரியின் மேற்குக் கரையில் புல் மூடி, கூன் விழுந்த முதுகுகள்போல வரிசையாகக் கிடக்கின்றன. பெரிய பனியுகம் முடிந்து உலகம் சூடான பிறகு, சுமார் 12,900 ஆண்டுகளுக்கு முன் குளிர் திடீரென்று திரும்பியது. ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் நீடித்த அந்தக் குளிரில் இந்தக் கிண்ணத்துக்குள் கடைசியாக ஒரு சிறு பனியாறு வளர்ந்தது. அது கொண்டுவந்து போட்ட கல்லும் மண்ணும்தான் இவை. 11,700 ஆண்டுகளுக்கு முன் அதுவும் உருகியது.

பனியோடு வந்த ஒன்று மட்டும் போகாமல் தங்கிவிட்டது. ஏரிக்கு மேலே, சாத்தானின் அடுக்களை என்று ஆங்கிலேயர் பெயர் வைத்த கரும்பிளவின் அக்கம்பக்கத்தில், ஆடு எட்டாத ஈரப் பாறை இடுக்குகளில் ஸ்னோடன் அல்லி வளர்கிறது. இலை புல்லைப்போல மெலிந்தது, பூ வெள்ளை. ஆர்க்டிக்கிலும் ஆல்ப்ஸிலும் வாழும் இந்தச் செடிக்குப் பிரிட்டனில் இந்த மலைகளை விட்டால் வேறு இடம் இல்லை. வடக்குப் பார்த்த நிழலில், கோடையிலும் குளிர்ந்தே கிடக்கும் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முன்பு பனி தங்குவதற்கு வசதியாக இருந்த அதே மூலை. மே கடைசியிலும் ஜூனிலும் பூக்கும். பாதையிலிருந்து இருகண் நோக்கியில் தேடுங்கள், பாறையில் ஏறாதீர்கள்.