முப்பது கிலோ ஆம்ப்ளிஃபயரில் எது கனம்?

வால்வு ரேடியோ இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், குமிழைத் திருகியவுடன் பாட்டு வந்துவிடாது. உள்ளே மெல்ல வெளிச்சம் ஏறும், ஒரு முனகல் கேட்கும், அப்புறம்தான் செய்தி வாசிப்பவர் வருவார். இன்று லட்சக்கணக்கில் விலை சொல்லும் வால்வு ஆம்ப்ளிஃபயர்களிலும் அதே காத்திருப்பு உண்டு. நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டனில் இருக்கும் மெக்கின்டோஷ் நிறுவனம் 1961-இல் கொண்டுவந்த எம்சி275-ஐ எடுத்துக்கொள்வோம். இடது, வலது என்று ஒரு பக்கத்துக்கு 75 வாட். வீட்டில் வைக்கும் வால்வு ஆம்ப்புக்கு இது பெரிய சக்தி. மேலே நான்கு கேடி88 வால்வுகள் தணல் போல ஒளிர்ந்துகொண்டு நிற்கும், பார்க்கிறவர்கள் கண் அங்கேதான் போகும். தூக்கிப் பார்த்தால் சுமார் 30 கிலோ. கண்ணாடிக் குப்பிகளுக்கு அவ்வளவு கனம் ஏது? பின்னால் வரிசையாக நிற்கும் கறுப்புப் பெட்டிகளில் இருக்கிறது அது.

முதலில் வால்வைப் பார்த்துவிடுவோம். காற்றை உறிஞ்சியெடுத்த குப்பிக்குள், நடுவில் கேதோடு என்ற குழல். பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடுகள் பூசியது. உள்ளிருக்கும் ஹீட்டர் அதைச் சுமார் 700, 800 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால், தண்ணீர் கொதித்து ஆவி பிரிவதுபோல எலக்ட்ரான்கள் மேற்பரப்பை விட்டுக் கிளம்பும். சுற்றியிருக்கும் ஆனோடு தகட்டில் 500 வோல்ட் அளவுக்கு நேர்மின்னழுத்தம் இருப்பதால் அவை அங்கே பாயும். இரண்டுக்கும் நடுவே மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது, அதன் பெயர் கிரிட். அதில் எதிர்மின்னழுத்தம் வைத்தால் எலக்ட்ரான்கள் தயங்கும், அதைக் கொஞ்சம் குறைத்தால் கூட்டமாகப் பாயும். பாட்டின் சிறிய அலையைக் கிரிட்டில் கொடுத்தால், அதே வடிவத்தில் பெரிய மின்னோட்டம் ஆனோடு பக்கம் ஏறி இறங்கும். லீ டி ஃபாரஸ்ட் 1906-இல் தொடங்கிவைத்த யோசனை இது. கேடி88-க்குள் இன்னும் சில உறுப்புகள் உண்டு, அடிப்படை இதுதான்.

சிக்கல் இதற்கு அப்புறம் வருகிறது. 8 ஓம் ஸ்பீக்கரில் 75 வாட் கொடுக்க வேண்டுமானால் சுமார் 24.5 வோல்ட்டும் 3 ஆம்பியரும் வேண்டும். வால்வுக்கு வோல்ட் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கும், ஆம்பியர் கேட்டால் கையை விரிக்கும். வெற்றிடத்தில் பறந்து வரும் எலக்ட்ரான்களை மட்டும் நம்பியிருக்கும் சாதனம், சில நூறு மில்லிஆம்பியருக்கு மேல் அதனால் முடியாது. அதனால் நடுவில் ஒரு தரகர் தேவைப்படுகிறார். அவர்தான் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்.

அதன் கணக்கு எளிது. வால்வுப் பக்கம் 25 சுற்றுக்கு ஸ்பீக்கர் பக்கம் 1 சுற்று என்று வைத்துக்கொள்வோம். 612 வோல்ட் உள்ளே போனால் 24.5 வோல்ட்டாக வெளியே வரும், 0.12 ஆம்பியர் உள்ளே போனால் 3 ஆம்பியராக வெளியே வரும். வாட் இரண்டு பக்கமும் 75 தான். மின்தடை மட்டும் சுற்று விகிதத்தின் வர்க்கமாக மாறும், 25-ஐ 25-ஆல் பெருக்கினால் 625. 8 ஓம் ஸ்பீக்கர் வால்வின் கண்ணுக்கு 5,000 ஓமாகத் தெரியும். வால்வுக்கு அந்தச் சுமைதான் பிடிக்கும்.

தெருமுனையில் நிற்கும் மின்வாரிய டிரான்ஸ்ஃபார்மருக்கு 50 ஹெர்ட்ஸ் என்ற ஒரே அதிர்வெண்தான், பாவம், வேறு எதுவும் தெரிய வேண்டியதில்லை. இதற்கோ 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 வரை எல்லாமே ஒழுங்காகக் கடந்து போக வேண்டும். அதிர்வெண் குறையக் குறைய இரும்பில் ஏறும் காந்தப்புலம் கூடும். அதே வோல்ட் 50 ஹெர்ட்ஸில் ஏற்றுவதைவிட 20 ஹெர்ட்ஸில் இரண்டரை மடங்கு ஏற்றும். இரும்பு அதற்கு மேல் தாங்காது என்கிற நிலை வந்தால் தவிலின் தொப்பிப் பக்கம் பிசிறடிக்கும். தப்பிக்க இரும்பையும் கம்பிச் சுற்றுகளையும் கூட்ட வேண்டும். சுற்றைக் கூட்டினால் அடுக்குகளுக்கிடையே மின்தேக்கம் கூடும், காந்தப்புலம் கொஞ்சம் கசியும், ஜால்ராவின் கூர்மை மழுங்கும். இந்த இழுபறியைச் சமாளிக்க இரு பக்கச் சுருள்களையும் துண்டு துண்டாகப் பிரித்து, ஒன்றின் மேல் ஒன்றாக மாற்றி மாற்றிச் சுற்றுகிறார்கள். 8 வாட் ஆம்ப்புக்கு இதைச் செய்வதும் 75 வாட்டுக்குச் செய்வதும் ஒன்றல்ல. வாட் ஏற ஏற விலையும் எடையும் ஏறுவதற்கு முக்கியக் காரணம் இந்த இரும்பு.

சரி, இவ்வளவு வாட் எதற்கு? 8 வாட்டிலிருந்து 75 வாட்டுக்குப் போனால் 10 டெசிபெல்லுக்குச் சற்றுக் குறைவாகத்தான் ஏறும். காதுக்கு அது ஏறக்குறைய இருமடங்கு சத்தம், ஒன்பது மடங்கு கிடையாது. சாதாரணமாகக் கேட்கும்போது பல வீடுகளில் 1 வாட் கூடச் செலவாகாது. ஆனால் மிருதங்கத்தில் ஒரு அடி விழும் கணத்தில் சத்தம் சராசரியைவிட 18 டெசிபெல் எகிறலாம். 18 டெசிபெல் என்றால் 63 மடங்கு. சராசரி 1 வாட் என்றால் அந்தக் கணத்துக்கு 63 வாட் வேண்டும். வாங்கிய வாட்டெல்லாம் அந்த நொடித்துளிகளுக்குத்தான். உணர்திறன் அதிகமான பெரிய ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்கு 8 வாட்டே தாராளம் என்பதும் உண்மை.

பெரிய சக்திக்கு வால்வுகளை ஜோடியாகப் போடுவார்கள். மரம் அறுக்கும் பெரிய ரம்பத்தை இரண்டு பேர் மாற்றி மாற்றி இழுப்பதுபோல, ஒன்று தள்ளும்போது மற்றது விலகிக்கொடுக்கும். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இரட்டைப்படை ஹார்மானிக்குகளை, அதாவது மூல அதிர்வெண்ணின் 2, 4 மடங்கு அதிர்வெண்களைச் சேர்ப்பதால்தான் வால்வு ஒலிக்கு இனிமை என்று கடைக்காரர் சொல்வார். ஜோடி வால்வுகளில் அந்த இரட்டைப்படைச் சிதைவுதான் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பெருமளவு காணாமல் போகிறது!

அப்படியானால் பலரும் சொல்லும் அந்தக் கதகதப்பு எங்கிருந்து வருகிறது? என் கணிப்பில் பெரும்பகுதி வெளியீட்டு மின்மறுப்பிலிருந்து, அதாவது ஸ்பீக்கருக்குப் போகும் மின்னோட்டத்துக்கு ஆம்ப்பே கொடுக்கும் தடையிலிருந்து. 8 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓமாக இருப்பதில்லை, ஓரிடத்தில் 5, இன்னோரிடத்தில் 30 என்று அலையும். டிரான்சிஸ்டர் ஆம்ப்பின் மின்மறுப்பு மிகச் சொற்பம், அதனால் அது இதைக் கண்டுகொள்ளாது. வெளியே வருவதில் ஒரு பங்கை உள்ளே திருப்பிக் கொடுத்துப் பிழை திருத்துவதைப் பின்னூட்டம் என்பார்கள், அது குறைவாக வைத்துச் செய்த வால்வு ஆம்ப்பில் 2 ஓம் இருந்தால், 30 ஓம் இடத்தில் சத்தம் 5 ஓம் இடத்தைவிட இரண்டு டெசிபெல்லுக்கும் மேலாக ஏறிவிடும். காது அதைத் தெளிவாகவே கேட்கும். 1985-இல் பாப் கார்வர் என்ற அமெரிக்கப் பொறியாளர், ஸ்டீரியோஃபைல் என்ற ஒலிக்கருவிப் பத்திரிகைக்காரர்களிடம் சவால்விட்டு, தன் டிரான்சிஸ்டர் ஆம்ப்பை அவர்கள் தேர்ந்தெடுத்த விலையுயர்ந்த வால்வு ஆம்ப் மாதிரியே ஒலிக்கும்படி மாற்றிக் காட்டினார். கேட்டவர்களால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவர் செய்த மாற்றங்களில் மின்மறுப்பை உயர்த்தியதும் ஒன்று. எம்சி275-இன் மின்மறுப்பு குறைவு என்பதால், பழைய ரேடியோவின் குழைவை எதிர்பார்த்து அதை வாங்குகிறவர் கொஞ்சம் ஏமாறவும் கூடும்.

வீட்டில் வைத்துக்கொள்வது தனிக் கதை. ஒரு கேடி88-இன் ஹீட்டருக்கு மட்டும் 6.3 வோல்ட், 1.6 ஆம்பியர், அதாவது 10 வாட். பாட்டே போடாமல் சும்மா நிற்கும்போதும் ஒவ்வொன்றிலும் 500 வோல்ட்டில் 45 மில்லிஆம்பியர் ஓடினால் இன்னொரு 22 வாட். நான்குக்கும் சேர்த்தால் 130 வாட், சின்ன வால்வுகளும் மற்ற இழப்புகளும் தனி. மே மாதத்தில் ஏசியும் ஆம்ப்பும் ஒரே அறையில் சண்டை போடுவதைப் பார்க்கலாம்.

அந்த 45 மில்லிஆம்பியரைத்தான் பயாஸ் என்கிறோம். வால்வு தேயத் தேய அது நகரும். ஆம்ப்பே தானாகச் சரிசெய்துகொள்ளாத வகைகளில், கேதோடில் இருக்கும் 10 ஓம் ரெசிஸ்டரின் குறுக்கே மல்டிமீட்டரில் 0.45 வோல்ட் வருகிறதா என்று நாமே பார்த்துத் திருக வேண்டும். ஜோடியில் ஒன்று அதிகமாக இழுத்தால் டிரான்ஸ்ஃபார்மர் இரும்பு ஒருபக்கமாகக் காந்தமேறி, தாழ்ந்த சுருதிகளுக்கான இடம் குறையும். கண்ணாடியின் உட்புறம் நீல நிறம் படர்ந்தால் பயப்பட வேண்டாம், வழி தவறிய எலக்ட்ரான்கள் மோதும் ஒளி அது. ஆனோடு தகடே சிவந்தால் உடனே சுவிட்சை அணைக்க வேண்டும். உச்சியிலிருக்கும் வெள்ளிப் பூச்சு வெளுத்துப் பால் நிறமானால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, வால்வு முடிந்தது. ஸ்பீக்கர் மாட்டாமல் ஒருபோதும் சத்தத்தை ஏற்றக் கூடாது. போக வழியில்லாத ஆற்றல் டிரான்ஸ்ஃபார்மருக்குள் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக எகிறி, உள்ளே எங்காவது பொறி பறக்கவிடும். பிளக்கைப் பிடுங்கிய பின்பும் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டரில் 500 வோல்ட் காத்திருக்கலாம், கையை உள்ளே விடும் ஆசை வேண்டாம்.

வால்வுகள் ஸ்லோவாக்கியாவின் சாட்சாவிலும் ரஷ்யாவின் சாரத்தோவிலும் இன்றும் செய்யப்படுகின்றன, தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். டிரான்ஸ்ஃபார்மர் போனால் அதே சுற்றுக் கணக்கில் இன்னொன்று சுற்றித் தர ஆள் தேட வேண்டும். அதனால் பழைய ஆம்ப் ஒன்றை விலை பேசப் போனால், வால்வு எந்த நிறுவனத்தினுடையது என்று விற்பவர் சொல்லும் கதையைக் கேட்டுக்கொண்டே டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் மூக்கைக் கொண்டுபோவேன். கருகிய வார்னிஷ் வாசனை வந்தால் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.